இமிஅக்கவுண்ட்ல 482 விசா எங்க சிக்கி நிக்குது, எப்படி நகர்த்தறது

மெல்போர்ன்ல ஒரு கம்பெனியோட ஹெச்ஆர்ல வேலை பாக்கறேன். வெளிநாட்டுல இருந்து ஆள் எடுக்கும்போதெல்லாம் ஸ்பான்சர்ஷிப்பும் (வெளிநாட்டு ஆள் எடுக்க கம்பெனி வாங்கற அனுமதி) நாமினேஷனும் (இந்த வேலைக்கு இந்த ஆள்னு கம்பெனி போடற விண்ணப்பம்) என் மேசைக்குத்தான் வரும், விசா ஃபார்மை வேலைக்கு வர்றவங்களே இமிஅக்கவுண்ட்ல, அதாவது ஆஸ்திரேலியாவோட டிபார்ட்மென்ட் ஆஃப் ஹோம் அஃபேர்ஸ் நடத்தற ஆன்லைன் விசா சைட்ல, நிரப்புவாங்க, ஆனா எங்கயாவது சிக்கிட்டா ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்கிரீன்ஷாட் எனக்குத்தான் வரும். வர்ற ஸ்கிரீன்ஷாட்டை எல்லாம் பாத்தா திரும்பத் திரும்ப அதே பத்து பிரச்னைதான், அதனால ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்றதுக்கு பதிலா இங்க எழுதி வைக்கறேன். 482ங்கறது கம்பெனி ஸ்பான்சர் பண்ற தற்காலிக வேலை விசா. 2024 டிசம்பர் 7ல இருந்து அதுக்கு ஸ்கில்ஸ் இன் டிமாண்ட்னு பேர் மாறிடுச்சு, நம்பர் அதேதான். 186 (கம்பெனி நாமினேட் பண்ற நிரந்தர விசா) போடறவங்களுக்கும் இதுல முக்கால்வாசி பொருந்தும்.

எந்த எரர் வந்தாலும் முதல்ல ஒண்ணு. பதட்டத்துல புதுசா இன்னொரு அப்ளிகேஷன் ஆரம்பிக்காதீங்க. ரெண்டு டிஆர்என் (அப்ளிகேஷனோட அடையாள நம்பர்), ரெண்டு பேமென்ட், எது சரியானதுன்னு கேஸ் ஆஃபிசருக்கே குழப்பம்னு போயிடும். எரர் வந்த ஸ்கிரீனை தேதி, நேரம், டிஆர்என் மூணும் தெரியற மாதிரி படம் எடுத்து வைங்க, அப்புறம் கீழ இருக்கறதை வரிசையா பாருங்க.

இன்னொண்ணு, நான் பதிவு பண்ணின மைக்ரேஷன் ஏஜென்ட் கிடையாது. சிஸ்டத்துல கை வைக்கற வேலை வரைக்கும்தான் இங்க சொல்றேன், சட்டம் சம்பந்தப்பட்ட இடம் வந்தா ஏஜென்ட்கிட்ட போங்கன்னு அங்கங்க எழுதியிருக்கேன், அந்த இடத்துல நிஜமாவே போயிடுங்க.

லாகின் ஆகல, கோட் தப்புன்னு சொல்லுது

முதல்ல லாகின் பக்கத்துலயே மெயின்டனன்ஸ் அறிவிப்பு இருக்கான்னு படிங்க. திட்டமிட்டு நிறுத்தறதை அங்கயே போட்டிருப்பாங்க, அது தெரியாம பாஸ்வேர்டை அஞ்சாறு தடவை மாத்தி மாத்தி அடிச்சு அக்கவுண்ட் லாக் ஆனவங்க உண்டு.

ஆதென்டிகேட்டர் ஆப் கோட் ஏத்துக்கலன்னா ஃபோனோட நேரத்தைப் பாருங்க. அந்த ஆறு இலக்கம் ஃபோன் கடிகாரத்தை வெச்சுதான் உருவாகுது, கடிகாரம் ஒரு நிமிஷம் பின்னாடி இருந்தாலே கோட் தப்பாயிடும். செட்டிங்ஸ்ல நேரத்தை ஆட்டோமேட்டிக்னு வைங்க, முக்கால்வாசி அங்கயே சரியாயிடும். புது ஃபோன் வாங்கி பழசை ரீசெட் பண்ணிட்டீங்க, ஆப்ல அந்த என்ட்ரியே இல்லேன்னா நம்ம கையில எதுவும் இல்ல, டிபார்ட்மென்ட் சைட்ல இமிஅக்கவுண்ட் டெக்னிக்கல் சப்போர்ட் ஃபார்ம் இருக்கு, அதை நிரப்பி காத்திருக்கணும். பழைய ஃபோனை யாருக்காவது குடுக்கறதுக்கு முன்னாடி இதை மாத்திக்குங்க.

அப்ளிகேஷன் வேற ஒருத்தர் அக்கவுண்ட்ல மாட்டிக்கிச்சு, அவர் போனை எடுக்க மாட்டேங்கறார்னும் ஒரு வகை வரும். விசா அப்ளிகேஷன் சப்மிட் ஆகியிருந்தா நீங்க சொந்தமா ஒரு இமிஅக்கவுண்ட் திறந்து, இம்போர்ட் அப்ளிகேஷன்ங்கற இடத்துல டிஆர்என், பிறந்த தேதி, பாஸ்போர்ட் விவரம் குடுத்து இழுத்துக்கலாம். யாராவது உங்களுக்காக லாட்ஜ் பண்ணினா, அதாவது பணம் கட்டி சப்மிட் பண்ணினா, டிஆர்என்னை அன்னிக்கே கேட்டு வாங்கி வெச்சுக்குங்க, அது உங்க உரிமை.

ஃபார்ம் நடுவுல வெளிய தள்ளுது, டைப் பண்ணது காணோம்

பிரவுசரோட பேக் பட்டனை அழுத்தறது முதல் காரணம். ஃபார்ம் உள்ளயே ப்ரீவியஸ், நெக்ஸ்ட்னு இருக்கு, அதை மட்டும் தொடுங்க. ரெண்டாவது, ஒரே ஃபார்மை ரெண்டு டேப்ல திறந்து வைக்கறது. மூணாவது, வேலை அனுபவம் பக்கத்துல நின்னுகிட்டு பழைய ஆஃபர் லெட்டரைத் தேடப் போயிடறது, வர்றதுக்குள்ள செஷன் முடிஞ்சிருக்கும். தேதி, முகவரி, மேனேஜர் பேர் எல்லாத்தையும் தனியா ஒரு டாக்குமென்ட்ல எழுதி வெச்சுட்டு உக்காருங்க, ஒவ்வொரு பக்கத்துலயும் சேவ் அழுத்துங்க. அப்பவும் தள்ளுச்சுன்னா கேஷ் அழிச்சு, வேற பிரவுசர்ல, மொபைல்ல இல்லாம கம்ப்யூட்டர்ல.

நாமினேஷன் டிஆர்என் போட்டா ஏத்துக்கல

எனக்கு வர்றதுல அதிகமானது இதுதான், அதனால கொஞ்சம் விரிவா.

டிஆர்என் ஈஜிஓன்னு ஆரம்பிக்கும், அப்புறம் எழுத்தும் எண்ணும் கலந்து வரும். அந்த மூணாவது எழுத்து ஓ, ஜீரோ இல்ல. படத்தைப் பாத்து கையால டைப் பண்றவங்க இங்க மாட்டுவாங்க. வாட்ஸ்ஆப்ல இருந்து காப்பி பண்றவங்களுக்கு வேற மாதிரி, கடைசில கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கிட்டு வரும். பேஸ்ட் பண்ணிட்டு கர்சரை கடைசிக்கு கொண்டு போய் ஒரு தடவை பேக்ஸ்பேஸ் அழுத்துங்க, எழுத்து அழிஞ்சா ஸ்பேஸ் இல்லேன்னு அர்த்தம், அதைத் திரும்ப டைப் பண்ணிடுங்க.

அது சரின்னா, குடுத்த டிஆர்என் எதுக்குரியதுன்னு கேளுங்க. கம்பெனி பக்கம் ஸ்பான்சர்ஷிப்புக்கு ஒரு டிஆர்என், நாமினேஷனுக்கு ஒரு டிஆர்என், ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும். விசா ஃபார்ம்ல போட வேண்டியது நாமினேஷனோடது.

அடுத்தது தான் பலருக்கும் தெரியாத ஒண்ணு. நாமினேஷன் ஃபார்மை ஆரம்பிச்சு சேவ் பண்ணினாலே டிஆர்என் வந்துடும், பணம் கட்டி சப்மிட் பண்ணியிருக்கணும்னு அவசியம் இல்ல. கம்பெனில யாராவது டிராஃப்ட்ல இருக்கற நம்பரை எடுத்து "நாமினேஷன் போட்டாச்சு"ன்னு அனுப்பியிருப்பாங்க, அது வேணும்னே பண்றது இல்ல, ஃபைனான்ஸ்ல அப்ரூவலுக்கு நின்னுகிட்டு இருக்கும். நாமினேஷன் அப்ரூவ் ஆகறதுக்கு முன்னாடியே 482 விசா லாட்ஜ் பண்ணலாம், ஆனா நாமினேஷன் லாட்ஜ் ஆகியிருக்கணும். அதனால கம்பெனிகிட்ட நம்பர் மட்டும் கேக்காதீங்க, ஸ்டேட்டஸ் என்ன காட்டுதுன்னு கேளுங்க, அக்னாலட்ஜ்மென்ட் லெட்டரையும் கேளுங்க. அப்ரூவ் ஆகி ரொம்ப நாள் ஆச்சுன்னா தேதியையும் பாருங்க, 482 நாமினேஷன் அப்ரூவ் ஆன நாள்ல இருந்து 12 மாசம்தான் உயிரோட இருக்கும், 186க்கு 6 மாசத்துக்குள்ள விசா போட்டாகணும்.

இதெல்லாம் சரியா இருந்தும் பிரச்னைன்னா நாமினேஷன்ல போட்ட ஆளும் விசா ஃபார்ம்ல இருக்கற ஆளும் ஒண்ணா தெரியலன்னு அர்த்தம். மூணு பேப்பரை பக்கத்துல பக்கத்துல வைங்க: பாஸ்போர்ட், நாமினேஷன் சம்மரி பிடிஎஃப், விசா ஃபார்ம். பேர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் நம்பர், வேலையோட ஆறு இலக்க கோட், நாலையும் எழுத்து எழுத்தா விரல் வெச்சு படிங்க. வேலை கோட்ல 261312ம் 261313ம் பக்கத்து பக்கத்துல இருக்கும், ஒண்ணு டெவலப்பர் ப்ரோக்ராமர், இன்னொண்ணு சாஃப்ட்வேர் இன்ஜினியர், நாமினேஷன்ல எதுவோ விசாலயும் அதுவேதான்.

இனிஷியல் பேர்க்காரங்களுக்கு

நம்ம ஆளுங்களுக்கு குடும்பப் பேர்னு ஒண்ணு கிடையாது, பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலியா கிடக்கும், மொத்தப் பேரும் கிவன் நேம்ல இருக்கும். இமிஅக்கவுண்ட்ல ஃபேமிலி நேம் கட்டாயம், கிவன் நேமைக் காலியா விடலாம். இந்த இடத்துல நான் நாமினேஷன் போட்ட ஒரு தம்பிக்கு நடந்தது: ஆஃபர் லெட்டர்ல அப்பா பேரைக் கடைசில போட்டிருந்தாங்க, அதைப் பாத்து நான் நாமினேஷன்ல அப்பா பேரை ஃபேமிலி நேமா போட்டுட்டேன், அவர் பாஸ்போர்ட்டைப் பாத்து முழுப் பேரையும் ஃபேமிலி நேம்ல போட்டிருக்கார். ரெண்டு நாள் ரெண்டு பேரும் பிரவுசரை மாத்தி மாத்திப் பாத்தோம். கடைசில ரெண்டு பிடிஎஃப்பையும் ஒண்ணா திறந்தப்பதான் கண்ணுல பட்டுச்சு. அதுல இருந்து ஆஃபர் லெட்டரைப் பாத்து பேர் அடிக்கறதே இல்ல, பாஸ்போர்ட் ஸ்கேன் கைக்கு வந்தா மட்டும்தான் நாமினேஷன் ஆரம்பிக்கறேன்.

நாமினேஷன் இன்னும் டிராஃப்ட்னா அங்கயே திருத்திடலாம், செலவு இல்ல. லாட்ஜ் ஆயிடுச்சுன்னா கம்பெனி அவங்க அக்கவுண்ட்ல இருந்து தப்பான பதிலுக்கான அறிவிப்பு குடுக்கணும். வேலை கோடே தப்புன்னா அது பேர் திருத்தற மாதிரி சின்ன விஷயம் இல்ல, வாபஸ் வாங்கி திரும்பப் போடறதா இல்லையாங்கறதுல லெவி பணமும் மாட்டியிருக்கு, அங்க ஏஜென்ட்கிட்ட கேட்டுட்டுதான் கை வைக்கணும்.

பேமென்ட் ஃபெயில் ஆகுது, இல்லேன்னா பணம் போச்சு ஆனா சப்மிட் ஆகல

கம்பெனி பக்கம் வர்றதை முதல்ல சொல்றேன். நாமினேஷன் ஃபீஸ் 330 டாலர்தானேன்னு கார்டை நீட்டுவாங்க, ஆனா அது கூட எஸ்ஏஎஃப் லெவியும் (ஸ்பான்சர் பண்ற கம்பெனி கட்ட வேண்டிய பயிற்சி நிதி வரி) மொத்தமா சேர்ந்து வரும். வருஷ டர்ன்ஓவர் 1 கோடி டாலருக்குக் கீழன்னா வருஷத்துக்கு 1,200, மேலன்னா 1,800. நாலு வருஷத்துக்கு நாமினேட் பண்ணினா 4,800 இல்லேன்னா 7,200, ஃபீஸோட சேர்த்து 5,130 இல்லேன்னா 7,530. கார்டோட ஒரு நாள் லிமிட் தாண்டிடும், எரர் மட்டும் "பேமென்ட் அன்சக்ஸஸ்ஃபுல்"னு வரும், காரணம் வராது. வருஷத்துல ஒரு பகுதி வந்தாலும் முழு வருஷமா கணக்கு போடுவாங்கங்கறதையும் பாத்துக்குங்க.

வேலைக்கு வர்றவங்க பக்கம் பெரும்பாலும் பேங்க்தான். கார்டுல இன்டர்நேஷனல் ட்ரான்ஸாக்ஷன் ஆஃப்ல இருக்கும், இல்ல லிமிட் கம்மியா இருக்கும், இல்ல ஓடிபி வர்ற நம்பர் ரோமிங்ல இல்ல. பேங்க் ஆப்ல மூணையும் பாத்துட்டு திரும்ப ட்ரை பண்ணுங்க. சர்சார்ஜும் சேரும், அதனால சரியா அந்தத் தொகைக்கு மட்டும் லிமிட் வைக்காம கொஞ்சம் தள்ளி வைங்க.

பணம் போச்சு, ஸ்டேட்டஸ் மாறலன்னா உடனே ரெண்டாவது தடவை கட்டாதீங்க. பேங்க் ஸ்டேட்மென்ட்ல பிடிச்சு வெச்சிருக்கா, நிஜமாவே போயிடுச்சான்னு பாருங்க, பிடிச்சு வெச்சதா இருந்தா தானா திரும்பி வந்துடும். இமிஅக்கவுண்ட்ல ரசீது வந்திருக்கான்னு பாருங்க. ரசீது இல்ல, பணமும் திரும்பலன்னா ஸ்கிரீன்ஷாட்டோட டெக்னிக்கல் சப்போர்ட் ஃபார்ம்.

பீபேல (பேங்க் அக்கவுண்ட்ல இருந்து பில் கட்டற ஆஸ்திரேலிய முறை) பணம் போடறவங்க இதை ரெண்டு தடவை படிங்க. பீபே பணம் அங்க போய்ச் சேர ஒண்ணு ரெண்டு வேலை நாள் ஆகும், பணம் சேர்ற வரைக்கும் உங்க அப்ளிகேஷன் சட்டப்படி லாட்ஜ் ஆகல. ஆஸ்திரேலியாவுக்குள்ள இருந்துகிட்டு வெள்ளிக்கிழமை விசா முடியற ஆள் வியாழக்கிழமை பீபே போட்டா பிரிட்ஜிங் விசா (முடிவு வர்ற வரைக்கும் தங்க விடற இடைக்கால விசா) கிடைக்காம, விசாவே இல்லாத நிலைமைக்குப் போயிடலாம். அந்த மாதிரி நேரத்துல கார்டு மட்டும்தான். முடிய ஒரு வாரம்கூட இல்ல, பேமென்ட்டும் போகலன்னா சிஸ்டத்தோட மல்லுக்கட்டாம அன்னிக்கே ஏஜென்ட்டையோ மைக்ரேஷன் லாயரையோ பிடிங்க, அந்த ஃபீஸ் பெருசே இல்ல.

கம்பெனி அந்த லெவியையோ நாமினேஷன் ஃபீஸையோ உங்ககிட்ட கேட்டா, இல்ல சம்பளத்துல பிடிச்சுக்கறேன்னு சொன்னா, அது சிஸ்டம் கோளாறு இல்ல, சட்ட விரோதம். ஸ்பான்சர்ஷிப்புக்கு காசு வாங்கறதும் குடுக்கறதும் 2015 டிசம்பர்ல இருந்தே தண்டனைக்குரியது. உங்க விசா சார்ஜை நீங்க கட்டலாம், ஸ்பான்சர்ஷிப், நாமினேஷன், லெவி மூணும் கம்பெனியோட பாரம். கேட்ட மெசேஜை அழிக்காம வெச்சுக்குங்க, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி லாயரைப் பாருங்க.

ஃபைல் ஏற மாட்டேங்குது

ஒரு ஃபைல் 5 எம்பிக்கு மேல இருக்கக்கூடாது. ஃபோன்ல எடுத்த பாஸ்போர்ட் படமே அதைத் தாண்டும், 300 டிபிஐக்குக் கீழ ஸ்கேன் பண்ணினா போதும். ஃபைல் பேர்ல இங்கிலிஷ் எழுத்து, எண், டேஷ், அண்டர்ஸ்கோர் தவிர எதுவும் வேண்டாம், தமிழ்ல பேர் வெச்ச ஃபைல், நடுவுல அண்ட் குறி இருக்கற ஃபைல், புள்ளி வெச்ச இனிஷியல் எல்லாம் நிக்கும். பேங்க் ஸ்டேட்மென்ட் ஏறலன்னா அது பாஸ்வேர்ட் போட்ட பிடிஎஃப்பா இருக்கும், திறந்து பிரின்ட்ல போய் பிடிஎஃப்பா சேவ் பண்ணினா பாஸ்வேர்ட் போயிடும்.

சப்மிட் பண்ணின பிறகு ஏத்தின ஃபைலை நீங்க அழிக்க முடியாது, எத்தனை ஃபைல் ஏத்தலாம்ங்கறதுக்கும் வரம்பு இருக்கு. ஒவ்வொரு பே ஸ்லிப்பையும் தனித்தனியா ஏத்தாம ஒரே பிடிஎஃப்பா சேர்த்துடுங்க.

ஹெச்ஏபி ஐடி (மெடிக்கலுக்கான அடையாள நம்பர்) வரல, இல்ல மெடிக்கல் முடிச்சும் "தேவை"ன்னே காட்டுது

லாட்ஜ் ஆன பிறகு அப்ளிகேஷனுக்குள்ள போய் ஹெல்த் அசெஸ்மென்ட் பகுதியைத் திறந்து அங்க கேக்கற சின்ன ஃபார்மை நிரப்பினாதான் ஹெச்ஏபி ஐடியோட ரெஃபரல் லெட்டர் வரும், தானா மெயில்ல வரும்னு காத்துகிட்டு இருக்கறவங்க நிறைய. குடும்பத்தோட போடறீங்கன்னா ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா நிரப்பணும், குழந்தைக்கும்.

முடிச்சு ஒரு வாரம் தாண்டியும் மாறலன்னா க்ளினிக்ல ரெண்டு கேள்வி: எந்த ஹெச்ஏபி ஐடில போட்டீங்க, ரிப்போர்ட்டை அனுப்பிட்டீங்களா. முன்னாடி வேற விசாவுக்கு மெடிக்கல் பண்ணியிருந்து அந்தப் பழைய ஐடியை விசா ஃபார்ம்ல குறிப்பிடாம விட்டா புது ஐடி ஒண்ணு வந்து உக்காந்திருக்கும். மேல்பரிசோதனை கேட்டிருக்காங்க, இல்ல குடும்பத்துல ஒருத்தருக்கு நாள்பட்ட வியாதி இருக்குன்னா, அந்த இடத்துல தாமதிக்காம ஹெல்த் விஷயத்துல அனுபவம் இருக்கற ஏஜென்ட்கிட்ட போங்க. ஒருத்தர் ஹெல்த்ல ஃபெயில் ஆனா மொத்தக் குடும்பத்தோட விசாவும் போகலாம்.

மாசக்கணக்கா "ரிசீவ்ட்"னே நிக்குது

பெரும்பாலும் கோளாறு எதுவும் இல்ல. நாமினேஷன் முடியாம விசாவை முடிக்க மாட்டாங்க, அதனால முதல் ஃபோன் கம்பெனிக்கு: நாமினேஷன் எந்த நிலைமைல இருக்கு, ஸ்பான்சர்ஷிப்போட 5 வருஷம் எப்ப முடியுது. அங்க ஏதாவது தகவல் கேட்டு கம்பெனி பதில் குடுக்காம இருந்தா நீங்க இங்க எத்தனை மெயில் அனுப்பினாலும் நகராது.

நாமினேஷனை ரெஃப்யூஸ் பண்ணிட்டாங்கன்னு தெரிஞ்சா அன்னிக்கே ஏஜென்ட். விசா ரெஃப்யூஸ் ஆகறதுக்கு முன்னாடி வாபஸ் வாங்கறதா வேண்டாமாங்கறது உங்க அடுத்த விசாவையே பாதிக்கற முடிவு.

கூடுதல் தகவல் கேட்டு லெட்டர் வந்திருக்கு

லெட்டர்ல எத்தனை நாள்னு போட்டிருக்கும், வழக்கமா 28. எண்ண ஆரம்பிக்க வேண்டியது நீங்க படிச்ச நாள்ல இருந்து இல்ல, லெட்டர்ல சொன்ன நாள்ல இருந்து. ஸ்பாம்ல கிடந்துச்சுன்னு சொன்னா நாள் திரும்பி வராது, அதனால வாரம் ஒரு தடவை இமிஅக்கவுண்ட்ல மெசேஜ் பகுதியைத் திறந்து பாத்துடுங்க.

டாக்குமென்ட் ஏத்தினதோட நிறுத்திடாதீங்க. கேட்டதைக் குடுத்துட்டேன்னு உறுதிப்படுத்தற ஒரு பட்டன் இருக்கு, அதை அழுத்தணும். எல்லாம் ஏத்தின பிறகு ஒரே தடவை அழுத்துங்க, பாதியில அழுத்திடாதீங்க.

கம்பெனிக்கு வர்ற லெட்டர்ல நான் அதிகம் பாக்கறது ரெண்டு. ஒண்ணு வேலை விளம்பரம், குறைஞ்சது ரெண்டு இடத்துல 28 நாள் ஓடியிருக்கணும், 27 நாள்ல எடுத்துட்டா போச்சு. இன்னொண்ணு சம்பளம், 482ல கோர் ஸ்கில்ஸ் பிரிவுக்கான குறைஞ்சபட்ச வருஷச் சம்பளம் 73,150 டாலர்ல இருந்து 2025 ஜூலை 1ல 76,515 ஆச்சு, வருஷா வருஷம் ஜூலைல ஏறும். ஜூன்ல கையெழுத்தான கான்ட்ராக்ட்டை வெச்சுகிட்டு ஜூலைல நாமினேஷன் போட்டா பழைய தொகை பத்தாது.

சப்மிட் பண்ணின பிறகு தப்பு கண்ணுல பட்டுச்சு

அப்டேட் அஸ்னு ஒரு இடம் இருக்கு. பாஸ்போர்ட் புதுப்பிச்சது, வீடு மாறினது, குழந்தை பிறந்தது எல்லாம் சூழ்நிலை மாற்றம். ஃபார்ம்ல அன்னிக்கே தப்பா போட்டது தப்பான பதில். ரெண்டும் வேற வேற, சரியானதை எடுங்க. கேஸ் ஆஃபிசர் கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடறது எப்பவும் நல்லது.

ஆனா தப்பு அனுபவத்துலயோ, முன்னாடி ரெஃப்யூஸ் ஆன விசாவை மறைச்சதுலயோ, போலீஸ் கேஸ்லயோ இருந்தா அந்த பட்டனைத் தொடறதுக்கு முன்னாடி ஏஜென்ட்டைப் பாருங்க. பொய்த் தகவல்னு முடிவு பண்ணிட்டா 4020ங்கற விதில 3 வருஷம் பல விசாக்களுக்குக் கதவு மூடிடும். ஏஜென்ட்டோட எம்ஏஆர்என் (பதிவு) நம்பரை வாங்கி ஓமாரா (மைக்ரேஷன் ஏஜென்ட்களைப் பதிவு பண்ற அரசு அமைப்பு) சைட்ல அடிச்சு பேர் ஒத்துப் போகுதான்னு பாத்துட்டு அப்புறம் காசு குடுங்க.

கிராண்ட் ஆயிடுச்சு, ஆனா விவோல (விசாவை ஆன்லைன்ல சரிபாக்கற இடம்) வரல

கிராண்ட் லெட்டரைப் பிரின்ட் பண்ணி பாஸ்போர்ட் பக்கத்துல வெச்சு நம்பரைப் படிங்க. அப்ளை பண்ணினப்ப இருந்த பழைய பாஸ்போர்ட் நம்பர்தான் அதுல இருக்கும், நீங்க புதுசை விவோல அடிச்சுகிட்டு இருப்பீங்க. பழைய நம்பரைப் போட்டுப் பாருங்க, வந்துச்சுன்னா விசா பத்திரமா இருக்கு, அப்டேட் அஸ்ல புது பாஸ்போர்ட்டை ஏத்திட்டு, புது நம்பர்ல விவோ திறக்கற வரைக்கும் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பாதீங்க, ஏர்லைன் கவுன்டர்ல அவங்க பாக்கறதும் அதே நம்பரைத்தான். ரெண்டு நம்பர்லயும் வரலன்னா பிறந்த தேதியை ஒரு தடவை சரிபாருங்க, அதுவும் சரின்னா கிராண்ட் லெட்டரை இணைச்சு டிபார்ட்மென்ட்டுக்கு எழுதுங்க, டிக்கெட்டை அதுக்கு அப்புறம் போடுங்க.